மதுரையா, பெங்களூரா, ஓசூரா: ஓர் இடமாற்றத்தின் முழுக் கணக்கு

வேறு ஊருக்குக் குடிபெயரலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாக ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதுகிறார்கள். சம்பளம், வாடகை, பள்ளி, தண்ணீர், அம்மாவின் உடல்நிலை எல்லாம் அதில் ஒரே உயரத்தில் நிற்கும். இந்த ஆய்வு வேறு கேள்வியைக் கேட்கிறது. போன இடம் ஒத்துவராவிட்டால், எதை எவ்வளவு செலவில் திருப்பிக்கொள்ளலாம்? எதைத் திருப்பவே முடியாது? இந்த வரிசையில் பார்த்தால் முடிவு பெரும்பாலும் வேறாக வருகிறது.

எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் குடும்பம். மதுரையிலிருந்து பெங்களூரு போகும் நடுத்தரக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது. கீழே வரும் தொகைகள் கணக்கு நடத்துவதற்காக வைத்தவை. படிப்பவர் தம் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். சட்டம், விதி, ஆண்டு ஆகியவை உள்ளபடியே.

கணவருக்கு வயது 38. மதுரையில் கைக்கு வரும் சம்பளம் மாதம் 62,000. மனைவி தனியார் பள்ளியில் கணித ஆசிரியை, பி.எட். முடித்தவர், 18,000. மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு. கணவரின் தாயாருக்கு 68, மூச்சிரைப்பு உண்டு. வீடு சொந்தம். பெங்களூரின் தெற்கு விளிம்பில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனம் கைக்கு 1,05,000 வரும்படி வேலை தருகிறது. ஜனவரியில் சேர வேண்டும்.

43,000 எங்கே போகிறது

சம்பள உயர்வு மாதம் 43,000. மனைவி வேலையை விட்டால் 18,000 போய்விடும். மீதி 25,000. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 25,000, அடுக்ககப் பராமரிப்பு 3,000. சொந்த வீட்டில் இருந்தவரை இந்த வரியே கணக்கில் இல்லை. இங்கேயே 3,000 துண்டு விழுகிறது.

பள்ளிக் கட்டணமும் வேனும் சேர்த்து மதுரையில் ஆண்டுக்கு 67,000. அங்கே 1,60,000 என்று வைத்தால் மாதத்துக்கு 7,750 கூடுதல். தாயார் மதுரையிலேயே இருந்தால் பகலில் துணைக்கு ஓர் ஆள், 8,000. பொங்கல், தீபாவளி, சித்திரைத் திருவிழா, நடுவில் ஒரு திடீர்ப் பயணம் என்று ஊருக்கு வந்துபோக மாதச் சராசரி 2,500. மொத்தம் கூட்டினால், 43,000 ரூபாய் உயர்வு வாங்கிக்கொண்டு போகும் குடும்பம் இப்போதைய நிலையைவிட மாதம் 21,250 பின்தங்கி நிற்கும். மனைவிக்கு வேலை இல்லாத நிலையில், இப்போதுள்ள நிலைக்குச் சமமாக வருவதற்கே கைக்கு 1,26,250 தேவை.

மனைவிக்கு அங்கே 25,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால் இதே கணக்கு மாதம் 3,750 உபரியாக மாறுகிறது. அதாவது பேரம் பேசும்போது எல்லோரும் கவனம் வைக்கும் கணவரின் சம்பளத்தைவிட, வீட்டில் யாரும் அதிகம் பேசாத மனைவியின் வேலைதான் இந்தத் தராசைச் சாய்க்கிறது. “போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அதை விடுவது இந்த முடிவின் மிகப் பெரிய ஓட்டை. கணிதமும் பி.எட்.டும் எல்லை தாண்டிச் செல்லும் தகுதிகள். அவர் தமிழாசிரியையாக இருந்தால் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போட வேண்டும்.

வேலைக் கடிதத்தில் உள்ள ஆண்டுத் தொகையை 12ஆல் வகுத்துக் கைச் சம்பளம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்குள் நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, ஆண்டு இறுதியில் வரலாம் என்கிற மாறுபடும் ஊதியம் எல்லாம் அடங்கியிருக்கும். மாதச் சம்பளச் சீட்டின் மாதிரியைக் கேட்டு வாங்குவதே வழி. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கிடையாது. இடமாற்றச் செலவை நிறுவனம் தந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதியையும் எழுத்தில் பார்க்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சிறு விஷயம். ஜனவரியில் கணவருக்குப் பழைய நிறுவனத்தில் 4 ஆண்டு 10 மாதம் ஆகியிருக்கும். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்பது பொது விதி. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் கேட்டவுடன் எல்லா நிறுவனமும் தந்துவிடுவதில்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் தரும் 15/26 கணக்கில் ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 86,500 ரூபாய். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் மனிதவளத் துறையில் கேட்க வேண்டிய கேள்வி இது. மறுத்தால், சேரும் தேதியை மார்ச்சுக்குத் தள்ளிக் கேட்பது அவமானமல்ல.

திரும்பி வருவதற்கு என்ன விலை

முன்பணம் பெங்களூரில் முன்பு பத்து மாத வாடகை. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசி முடிக்கலாம். ஆறு என்று வைத்தால் 1,50,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 25,000. முதல் மாத வாடகை 25,000. லாரி 35,000. பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் 50,000. குழாய், மின்வேலை, திரைச்சீலை என்று சில்லறை 10,000. சாவியை வாங்கும் முன் கையில் ஏறத்தாழ மூன்று லட்சம் வேண்டும்.

இதில் திரும்பி வராதவை மட்டும்: தரகு, லாரி, சேர்க்கைக் கட்டணம், சில்லறை, காலி செய்யும்போது வர்ணம் பூச என்று முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை. கூட்டினால் 1,45,000. திரும்பிவர லாரி இன்னொரு 35,000. ஆக, “சரிப்பட்டு வரவில்லை” என்று சொல்லும் உரிமையின் விலை 1,80,000 ரூபாய். தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் கடன் வாங்கிப் போகிறவர் அந்த உரிமையையும் சேர்த்தே இழக்கிறார். பிடிக்காத ஊரில் பணத்துக்காகத் தங்கிப் போவார்.

மதுரை வீட்டை விற்பது இந்தக் கணக்கில் சேராது. அதைத் திருப்பவே முடியாது. முதல் இரண்டு ஆண்டில் அந்தப் பேச்சையே எடுக்காமலிருப்பது நல்லது.

பள்ளி: இங்கேதான் கடிகாரம் ஓடுகிறது

பணத்தில் தவறினால் ஒன்றிரண்டு ஆண்டில் சரிக்கட்டிவிடலாம். வகுப்பில் தவறினால் அது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

கர்நாடகத்தில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொதுவான தகுதி, ஒன்று முதல் 12 வரை குறைந்தது 7 முழுக் கல்வியாண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. பெற்றோர் அங்கே படித்தவர்களாக இருந்தால் வேறு வழிகள் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு அவை பொருந்தா. மகள் வரும் ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் 6 முதல் 12 வரை சரியாக ஏழு. “ஒரு வருஷம் அவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும், அப்புறம் நாம் போகலாம்” என்று நினைத்தால் ஏழாம் வகுப்பில் சேர்வாள். ஆறு ஆண்டுதான் தேறும். பணக் கணக்கில் புத்திசாலித்தனமாகத் தெரியும் ஓராண்டுத் தாமதம் இங்கே ஒரு கதவை மூடிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் என்ன ஆகும்? இங்கே பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி (பிறப்பிட) சான்றிதழ் கேட்பதில்லை. மருத்துவத்துக்கு அந்தக் கணக்கு 6 முதல் 12 வரை. வெளியே படித்தவர்கள் நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் காட்ட வேண்டும். ஆகவே தமிழ்நாட்டுக் கதவு மூடுவதில்லை, கூடுதலாகக் காகிதம் கேட்கிறது. பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ்கள், மகளின் பிறப்புச் சான்று, ஐந்தாம் வகுப்பு வரை இங்கே படித்ததற்கான சான்று ஆகியவற்றை லாரியில் ஏறும் அட்டைப்பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவத்தில் இரண்டு மாநிலங்களிலும் பிறப்பிட உரிமை கோரினால் சேர்க்கை ரத்தாகும் நிலை வரும். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

சாதிச் சான்றிதழ் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று பெற்ற சான்றிதழ் கர்நாடக மாநில இடஒதுக்கீட்டில் செல்லாது. அங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் இடம்பெயர்ந்த மாநிலத்தில் இதே நிலைதான். ஆக, ஏழு ஆண்டுக் கதவு திறந்தே இருந்தாலும் அதன் வழியாக நுழைவது எளிதல்ல.

அடுத்தது மொழி. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டம் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்குகிறது. இரு மொழியில் படித்து வந்த குழந்தை, ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னடம் எழுதுகிறவர்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார வேண்டும். பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். எழுத்தும், ஒத்தக்கரம் எனப்படும் கூட்டெழுத்தும்தான் சிரமம். சேர்க்கையின்போது பள்ளியிடம் கேட்க வேண்டியது: புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, வினாத்தாள் தனியா, அந்த மதிப்பெண் தேர்ச்சியைப் பாதிக்குமா. “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அடுத்த பள்ளிக்குப் போகலாம். சேர்க்கை அங்கே முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் போய்க் கேட்டால் மிச்சமிருக்கும் இடம்தான்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, புதிய பள்ளி கேட்டால் கல்வி அலுவலரின் மேலொப்பத்தையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். அத்தோடு பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் (தமிழ்நாடு), யூடைஸ் (இந்திய அளவு) ஆகிய இரண்டு இணையதளங்களிலும் மாணவியின் பதிவை விடுவிக்க வேண்டும். காகிதத்தில் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தாலும் இந்தப் பதிவு விடுபடாவிட்டால் புதிய பள்ளியால் அவளைத் தன் பட்டியலில் சேர்க்க முடியாது. ஜூனில் மதுரைப் பள்ளிக்கு மாறி மாறித் தொலைபேசியில் அழைப்பவர்களில் பலரின் சிக்கல் இதுதான்.

வீடு

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. எனவே வீடு தேடும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு, மாலை ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த தூரம் எதற்கும் உதவாது.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் “தண்ணி இருக்கா” என்று கேட்டால் எப்போதும் “இருக்கு” என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. காவிரி இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு மட்டுமா, கோடையில் டேங்கர் வாங்குவார்களா, அந்தச் செலவு பராமரிப்புக்குள் அடங்குமா, தனியாக வசூலிப்பார்களா. 2024 கோடையில் நகரின் புறப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி டேங்கருக்கு அடிதடி நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டு நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாக வர வழி செய்யப்பட்டது. ஆனாலும் தெருவில் குழாய் வருவதும் அடுக்ககம் இணைப்பு வாங்கியிருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். குடிநீர் வாரியக் கட்டண ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபுரம் சாலையும் வெளிவட்டச் சாலையும் மூழ்கியதால், தரைத்தள வீடு பார்ப்பவர்கள் எதிர்க் கடைக்காரரிடம் மழைநீர் எதுவரை ஏறியது என்று விசாரித்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய நான்கு வரிகள்: குறைந்தபட்சம் எத்தனை மாதம் தங்க வேண்டும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வர்ணத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், முன்பணம் சாவி கொடுத்த அன்றே திரும்புமா. குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் காணொளி எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட்டால் பிறகு பேச்சு குறையும். மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை கொடுத்துக் குடியேறும் லீஸ் முறை, நம் ஊர் ஒத்தி போலத் தோன்றும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது வாராக்கடனாகிவிட்டால், கொடுத்த பணம் வருவதற்கு முன் வங்கிக்காரர் வந்துவிடுவார். வில்லங்கச் சான்று பார்க்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

தாயார்

அவரை அழைத்துக்கொண்டு போனால் துணையாள் செலவு 8,000 மிச்சமாகும், மதுரை வீட்டை வாடகைக்கும் விடலாம். தாளில் இது நன்மைப் பக்கம்தான். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல்; டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிர் மூச்சிரைப்புக்காரர்களுக்கு ஆகாது. அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் பக்கம் தமிழ் பேசும் தெருக்கள் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியின் பன்னிரண்டாம் மாடியில் பகல் முழுக்கப் பேச்சுத்துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். மருத்துவர், கோயில், காய்கறிக்காரர் எல்லாம் மதுரையில். மருத்துவக் காப்பீட்டில் சில பாலிசிகள் சிறிய நகரக் கட்டணத்தில் எடுத்துப் பெருநகரில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கை நம் தலையில் கட்டும். முகவரி மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். முதல் குளிர்காலம் முடியும்வரை அவர் மதுரையில் இருப்பதும், மார்ச்சுக்குப் பிறகு இரண்டு மாதம் வந்து தங்கிப் பார்ப்பதும் சரியான சோதனை. 2024இல் வந்த மதுரை – பெங்களூரு வந்தே பாரத் ரயிலில் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பது இதில் ஓர் ஆறுதல். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். பொங்கலுக்கு அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

ஓசூர் என்னும் மூன்றாவது வழி

அலுவலகம் நகரின் கிழக்கே ஒயிட்ஃபீல்டிலோ வடக்கே மான்யதாவிலோ இருந்தால் இந்தப் பகுதி வேண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டி என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஓசூரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடகை 14,000, பள்ளிச் செலவு மதுரையைவிட மாதம் 1,100 கூடுதல், போய்வர 5,000, துணையாளும் ஊர்ப் பயணமும் முன்போலவே. மனைவிக்கு வேலையே இல்லாவிட்டாலும் துண்டு 5,600தான். அவர் ஓசூர்ப் பள்ளி ஒன்றில் 16,000க்குச் சேர்ந்தால் மாதம் 10,400 உபரி. பாடத்திட்டம் மாறாது, சாதிச் சான்றிதழ் செல்லும், டி.என். பதிவெண் கார் அப்படியே ஓடும்.

விலை என்ன? அத்திப்பள்ளி, சந்தாபுரம் நெரிசலில் கணவரின் நாளில் இரண்டு மணி நேரமாவது போகும். பொம்மசந்திரா வரை பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போய் மெட்ரோ ஏறினால் கொஞ்சம் குறையும். நிறுவனப் பேருந்து ஓசூர்வரை வருகிறதா என்பதை வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும். கர்நாடகத்தின் ஏழு ஆண்டுக் கணக்கு இதில் தொடங்கவே தொடங்காது. அடுத்த வேலை நகரின் வடக்கே கிடைத்தால் வீட்டை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டியும் சாமான்களும்

மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே மறுபதிவு வேண்டும். மதுரை ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல், அங்கே படிவம் 27, வண்டியின் வயதுக்கேற்பக் கர்நாடக ஆயுள் வரி, பிறகு தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதிக்கு விண்ணப்பம். இந்த அலைச்சலுக்குக் காரைத் தாயாரின் மருத்துவமனைப் பயணத்துக்கு மதுரையிலேயே விட்டுவிடுவது மேல். ஸ்கூட்டரை ரயிலில் பார்சலாக அனுப்பலாம்; பெட்ரோல் தொட்டி காலியாக இருக்க வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும்.

லாரி திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 435 கிலோமீட்டர். இரண்டு படுக்கையறைச் சாமானுக்கு 14 அடி லாரி போதும். குறைந்த விலை சொல்லி ஏற்றிவிட்டு, பாதி வழியில் “சாமான் கூடுதல்” என்று இன்னும் பணம் கேட்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. பொருட்பட்டியலுடன் விலையை எழுத்தில் வாங்கி, இறக்கிய பிறகு கொடுக்கப் பாதித் தொகையைக் கையில் வைத்திருந்தால் அது நடக்காது. காப்பீடு என்று மூன்று சதவீதம் வாங்கினால் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணைக் கேட்க வேண்டும். பில்லில் ஒரு வரியாக எழுதித் தருவது காப்பீடு ஆகாது. பல அடுக்ககங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஆறுக்குப் பிறகும் சாமான் ஏற்ற விடுவதில்லை.

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தின் உருளையைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளை மாட்டாமல் ஏற்றினால் உள்ளே தாங்கிகள் உடையும். தொலைந்திருந்தால் சேவை மையத்தில் வாங்கி மாட்டவும். குளிர்பெட்டியை முதல் நாளே அணைத்து உலர்த்தி, நிமிர்த்தியே ஏற்றி, இறக்கிச் சில மணி நேரம் கழித்து இயக்கவும். ஏ.சி.யை எடுத்துப் போக வேண்டாம். கழற்ற, மாட்ட, வாயு நிரப்ப ஆகும் செலவுக்கு அந்த ஊரில் அது பெரிதாக ஓடாது. எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றச் சீட்டும் வைப்புத்தொகையும் வாங்கிக்கொள்ளவும். இணைப்புக் கொடுத்தபோது தந்த சீட்டு இதற்குத் தேவை.

ஆதார் முகவரியைச் சீக்கிரம் மாற்றுவதில் ஒரு நேரடிப் பயன் உண்டு: கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

இந்தக் குடும்பத்துக்கு எடுத்த முடிவு

ஜனவரியில் கணவர் மட்டும் போகிறார். தங்கும் விடுதி, சாப்பாடு, மாதம் இருமுறை ஊர்வரவு எல்லாம் 18,000. மனைவியின் சம்பளம் தொடர்வதால் மாதம் 25,000 மிஞ்சும். மே முடிய 1,25,000. திரும்பி வராத 1,45,000இல் பெரும்பகுதி இதிலேயே அடைபடுகிறது. தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

இதற்கிடையில் மனைவி எலெக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கிறார். ஏப்ரல் 15க்குள் பெங்களூரில் 25,000 அல்லது அதற்கு மேல் எழுத்தில் வந்து, கன்னடத்துக்குத் தனி வகுப்பு நடத்தும் பள்ளியில் மகளுக்கு ஆறாம் வகுப்பு இடமும் கிடைத்தால் ஜூனில் பெங்களூரு. இவற்றில் ஒன்று தவறினாலும் ஓசூர். ஓசூருக்கு நிறுவனப் பேருந்து இல்லை என்றாகி, மனைவிக்கு அங்கேயும் வேலை அமையாவிட்டால், கணவர் விடுதியிலேயே தொடர்ந்துகொண்டு திருச்சி, கோவை பக்கம் வேறு வேலை பார்க்கிறார். குடும்பம் மதுரையை விட்டு நகராது. மனைவியின் ராஜினாமாக் கடிதம் ஏப்ரல் 15 வரை எழுதப்படாது. பெங்களூர்ப் பள்ளிக்குக் கட்டும் முன்பதிவுத் தொகை மட்டும் அதற்கு முன்பே போய்விடும். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்காது என்றாலும் கட்டிவிட வேண்டிய தொகை அது.